பந்தல்காரன் பார்த்த பாரிஸ் ஆர்ச்

சேலம் குகையில் எங்களுக்கு ஒரு பந்தல் குடோன் இருக்கிறது. அப்பா காலத்துத் தொழில். சவுக்குக் கம்பும் மூங்கிலும் படுதாவும் அவர் சேர்த்தது. சீரியல் செட்டும் ஜென்செட்டும் இரும்புக் குழாய்ச் சாரமும் நான் வாங்கிப் போட்டது. கல்யாணத்துக்குப் பந்தல், ஆடிப் பண்டிகை வண்டி வேடிக்கைக்கு லைட், மாநாட்டுக்கு ஆர்ச். இதில் எனக்குப் பிடித்த வேலை ஆர்ச்தான். ராத்திரி பத்து மணிக்குக் குழி தோண்ட ஆரம்பித்தால், பால்காரர் வரும் நேரத்துக்குக் கோட்டை வாசல் மாதிரி நிற்கும். மூன்றாம் நாள் அவிழ்த்து லாரியில் ஏற்றிவிடுவோம். இதுவரை நான் கட்டியதில் பெரியது 45 அடி.

பாரிஸில் இருப்பது, ஆர்க் த ட்ரியோம்ஃப் என்கிற வெற்றி வளைவு, 164 அடி. அதுவும் கல்லில்.

மகள் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். இரண்டு வருடமாக வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஆடியில் அசைய முடியாது, ஆவணியில் முகூர்த்தம், ஐப்பசியில் தீபாவளி. புரட்டாசியில்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். 2024 செப்டம்பர் கடைசி வாரம் நானும் வீட்டுக்காரியும் கிளம்பினோம். அதற்கு முன்னால் சேலத்தில் ஒரு டூர்காரரிடம் விசாரித்திருந்தேன். பத்து நாள், ஏழு நாடு என்று நோட்டீஸ் கொடுத்தார். "ஆர்ச்சா? பஸ்ஸில் இருந்தே காட்டிடுவாங்க சார், ஜன்னல் வழியா போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். அப்படிப் பார்ப்பதற்குக் காலண்டரில் பார்த்தால் போதும் என்று எழுந்து வந்துவிட்டேன். சரியான முடிவு.

முதலில் ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊரில் அஞ்சு ரோடு இருக்கிறது. பாலம் கட்டியும் இன்னும் எல்லோரும் திட்டிக்கொண்டேதான் கடக்கிறோம். அங்கே பன்னிரண்டு ரோடு. பன்னிரண்டும் வந்து ஒரே வட்டத்தில் விழுகின்றன, அந்த வட்டத்தின் நடுவில்தான் ஆர்ச். நட்சத்திரம் மாதிரி இருப்பதால் எத்துவால் என்று பெயர். 1970இல் முன்னாள் அதிபர் சார்லஸ் டி கோல் பெயரை வைத்துவிட்டார்கள், ஆனாலும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. வட்டத்துக்குள் கோடு எதுவும் போடவில்லை. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிதான், வலது பக்கம் புதிதாக நுழைகிற வண்டிக்கு வழி விட வேண்டுமாம். பத்து நிமிடம் நின்று பார்த்தேன். ஹாரன் சத்தம் இல்லாத அஞ்சு ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மெட்ரோவிலிருந்து தப்பான வாசலில் ஏறி ரோட்டோரம் வந்து நின்றுவிட்டோம். எதிரே ஆர்ச். என் வீட்டுக்காரி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அஞ்சு ரோட்டையே தாண்டுறோம், இது என்ன?" என்று ஒரு காலை இறக்கிவிட்டாள். போலீஸ்காரர் விசில் ஊதினார். பிரெஞ்சு புரியவில்லை, ஆனால் விசில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மகள் ஓடிவந்து, "அம்மா, கீழே சுரங்கப்பாதை இருக்கு!" என்று இழுத்துக்கொண்டு போனாள். ஆகவே நினைவில் வையுங்கள்: ரோட்டைத் தாண்டக் கூடாது. ஷான்ஸெலிஸே என்கிற பெரிய வீதியின் நடைபாதையில் இருந்து சுரங்கம் இறங்குகிறது. டிக்கெட் கவுன்டரும் அங்கேயேதான்.

ஆர்ச்சின் அடியில் போய் நிற்பதற்குக் காசு இல்லை. மாடிக்கு ஏறத்தான் டிக்கெட். நாங்கள் போனபோது ஆளுக்கு 16 யூரோ, ஏறக்குறைய 1,500 ரூபாய். பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம். மகள் முன்பே ஆன்லைனில் வாங்கியிருந்தாள், பையைச் சோதிக்கும் வரிசையில் மட்டும் கால் மணி நேரம் போனது.

அடியில் நின்று தலையை நிமிர்த்தினேன். கழுத்து வலித்தது. நடு வளைவு மட்டும் 29 மீட்டர் உயரம், பதினாலரை மீட்டர் அகலம். அகலத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தேன். மகள், "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பார்க்கட்டும், தொழில். இதன் வழியாக ஒருத்தர் விமானமே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். 1919 ஆகஸ்ட் 7ஆம் தேதி, கோட்ஃப்ருவா என்ற விமானி. முந்தைய மாதம் நடந்த வெற்றி அணிவகுப்பில் விமானிகளையும் காலாட்படை மாதிரி நடந்து வரச் சொல்லிவிட்டார்களாம். அந்தக் கோபம். எங்கள் ஆட்களில் ஒருவன் இதே மாதிரி டெம்போவை நான் கட்டிய ஆர்ச்சுக்குள் கோபத்தில் ஓட்டி ஒரு காலைச் சாய்த்தான். அவனுக்கு இவர் அளவுக்குக் கை நிதானம் இல்லை.

இனி நான் உண்மையாகச் சொல்ல வந்த விஷயம். இதைக் கட்டச் சொன்னது நெப்போலியன் என்று எல்லோருக்கும் தெரியும். 1805 டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸில் ஆஸ்திரியாவையும் ரஷ்யாவையும் அடித்துவிட்டு வந்து, தன் சிப்பாய்கள் நுழைந்து வர ஒரு வெற்றி வளைவு வேண்டும் என்றார். 1806 ஆகஸ்ட் 15, அவருடைய பிறந்தநாளில், முதல் கல். கட்டடக் கலைஞர் ஷால்க்ரான். அஸ்திவாரத்துக்கே இரண்டு வருடம் ஆனது. அப்புறம் 1810இல் நெப்போலியனுக்கு இரண்டாவது கல்யாணம். பெண் யார் தெரியுமா? ஆஸ்திரிய மன்னரின் மகள். அடித்த வீட்டிலேயே பெண் எடுத்தார். புதுப்பெண்ணை இந்த வாசல் வழியாகத்தான் ஊருக்குள் அழைத்து வர வேண்டும். அப்பனைத் தோற்கடித்ததற்குக் கட்டுகிற ஆர்ச்சின் அடியில் மகள் வலது கால் வைத்து வருகிறாள்! ஆனால் ஆர்ச் எங்கே? தூண்கள் தரையை விட்டுக் கொஞ்சம்தான் எழும்பியிருந்தன.

ஷால்க்ரான் என்ன செய்தார்? மரத்தால் சாரம் கட்டி, அதன் மேல் வண்ணம் தீட்டிய துணியைப் போர்த்தி, அசல் அளவிலேயே ஒரு முழு ஆர்ச்சை நிறுத்திவிட்டார்.

மேலே அருங்காட்சியக அறையில் மகள் இதைப் படித்து மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கம்பு, துணி, பெயின்ட், கல்யாணம், தேதிக்குள் முடிக்க வேண்டும் என்கிற நெருக்கடி. இது குகையில் நாங்கள் செய்கிற வேலை. அட்வான்ஸ் எவ்வளவு வாங்கியிருப்பார் என்று கேட்டேன். அதெல்லாம் போர்டில் போடவில்லை என்றாள்.

ஷால்க்ரான் மறு வருடமே இறந்துவிட்டார். 1814இல் நெப்போலியன் ஆட்சி கவிழ்ந்ததும் வேலை நின்றது. அடுத்து வந்த ராஜாக்கள் மெதுவாகத் தொடர்ந்தார்கள். 1836இல் லூயி பிலிப் திறந்து வைத்தார். முப்பது வருடம்! நெப்போலியன் 1821லேயே தீவுச் சிறையில் செத்துப்போனார். 1840 டிசம்பரில், கடும் குளிரில், அவருடைய உடலைக் கொண்டுவந்தபோது சவ ஊர்வலம் இந்த ஆர்ச் வழியாகப் போனது. அதாவது, உயிரோடு அவர் நுழைந்தது துணி ஆர்ச். கல் ஆர்ச்சில் பிணமாகத்தான் நுழைந்தார்.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. ஒரு கட்சி மாநாட்டுக்கு 40 அடி ஆர்ச் போட்டோம். தலைவர் படம், யானை இரண்டு, தாமரைத் தண்ணீர் ஊற்று எல்லாம். விடிய விடிய வேலை. தலைவர் வந்த கார்கள் பைபாஸில் திரும்பி வேறு வழியாக மேடைக்குப் போய்விட்டன. ஒரு ஆள்கூட நுழையாத ஆர்ச் சீரியல் லைட்டோடு ராத்திரி முழுக்க மினுக்கிக்கொண்டிருந்தது. ஏற்பாடு செய்தவர், "அவர் பாக்கவே இல்லையேப்பா" என்று பாதிப் பணத்தை நிறுத்திவிட்டார். அதை நினைத்துக்கொண்டேதான் பாரிஸ் ஆர்ச்சின் கீழே நின்றேன். லூயி பிலிப்பாவது பில்லை முழுசாக செட்டில் செய்தாரா தெரியாது.

சிற்பங்கள் பற்றி. நாலு கால்களிலும் நாலு பெரிய சிற்பத் தொகுதிகள். ஷான்ஸெலிஸே பக்கம் நின்று பார்த்தால் வலது காலில் இருப்பதுதான் பெயர் வாங்கியது. ஃப்ரான்சுவா ரூட் செய்தது, 1792இல் தன்னார்வப் படை போருக்குக் கிளம்புவது. மேலே இறக்கையோடு ஒரு பெண் வாயைப் பிளந்து கத்துகிறாள். அந்தக் கத்தல் கல்லில் கேட்கிறது, பொய் சொல்லவில்லை. மற்ற மூன்றும் எனக்குச் சுமார்தான். தாரமங்கலம் கோயில் தூணைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவனை அவ்வளவு சுலபத்தில் மயக்க முடியாது. நம்மாள் கருங்கல்லில் செதுக்கினான், இது சுண்ணாம்புக்கல். அந்த வித்தியாசத்தை மகளிடம் சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

சுவர்களில் பெயர்கள். 158 போர்கள், 660 தளபதிகள். பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தால் போர்க்களத்தில் செத்தவர். இதில் ஒரு வேடிக்கை. எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் அப்பாவும் நெப்போலியனின் தளபதிதான், ஆனால் அவர் பெயரை விட்டுவிட்டார்கள். மகன் சும்மா விடுவாரா? அடுத்து வந்த கவிதைத் தொகுப்பை, ஆர்ச்சில் பெயர் பொறிக்கப்படாத என் அப்பாவுக்கு என்று அச்சடித்துச் சமர்ப்பணம் செய்துவிட்டார். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் மண்டபத்தில் நடக்கிற அதே சண்டை. கடைசியில் 1885இல் ஹ்யூகோ இறந்தபோது அவருடைய சவப்பெட்டியை இதே ஆர்ச்சின் அடியில் ஒரு ராத்திரி வைத்து ஊரே வந்து பார்த்திருக்கிறது. அப்பா பெயர் இன்னமும் சேர்க்கப்படவில்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்குப் போவது நல்லது. தரையில் பெயர் தெரியாத சிப்பாயின் கல்லறை இருக்கிறது, முதல் உலகப்போரில் செத்தவர். 1921 ஜனவரியில் புதைத்தார்கள். தலைமாட்டில் 1923 நவம்பர் 11 முதல் ஒரு தீபம் எரிகிறது. தினமும் ஆறரைக்கு முன்னாள் ராணுவத்தினர் கொடியோடு வந்து அதைத் தூண்டிவிடுகிறார்கள். ஜெர்மனிக்காரன் ஊரைப் பிடித்துவைத்திருந்த வருடங்களிலும் இது நிற்கவில்லையாம். நாங்கள் பார்த்த அன்று எழுபது, எண்பது வயதுத் தாத்தாக்கள் பதக்கம் குத்திய கோட்டோடு வரிசையாக நின்றார்கள். ஊதுகுழல் ஊதியது. சுற்றிலும் அவ்வளவு வண்டி ஓடுகிறது, உள்ளே ஒரு பேச்சில்லை. வீட்டுக்காரி தன்னை அறியாமல் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்தச் சிப்பாயைத் தேர்ந்தெடுத்த கதையைக் கேளுங்கள். 1920 நவம்பரில் வெர்தான் கோட்டையில், எட்டுப் போர்முனைகளில் இருந்து எட்டு அடையாளம் தெரியாத உடல்கள், எட்டுப் பெட்டிகள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க 21 வயதுச் சிப்பாய் ஒருவனிடம் பூங்கொத்தைக் கொடுத்தார்கள். அவன் இருந்தது 132ஆவது ரெஜிமென்ட். ஒன்றும் மூன்றும் இரண்டும் கூட்டினால் ஆறு. ஆறாவது பெட்டி மேல் பூவை வைத்துவிட்டான். நம் ஊரில் வண்டி நம்பருக்கும் கடை போன் நம்பருக்கும் கூட்டு எண் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்வேன். இனிமேல் செய்ய மாட்டேன்.

இந்தக் கல்லறை வந்த பிறகு ராணுவ அணிவகுப்புகள் ஆர்ச்சுக்குள் நுழைவதில்லை, சுற்றிக்கொண்டு போகின்றன. படை நுழைவதற்கென்றே முப்பது வருடம் கட்டிய வாசல், அதில் படை நுழைவதில்லை. எங்கள் தொழிலில் நுழைய ஆள் இல்லாத ஆர்ச் என்றால் தோல்வி. இங்கே எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒரு பையன் நடுவில் படுத்திருக்கிறான், அவன் மேலே எப்படி நடப்பது.

ஏறுவோம். 284 படி, சுழல் படிக்கட்டு, ஒருவர் பின் ஒருவர்தான். நடுவில் நின்றால் பின்னால் வருகிறவர் மூச்சு முதுகில் படும். 190 வரை எண்ணினேன், அப்புறம் எண்ண ஆள் இல்லை. லிஃப்ட் இருக்கிறது, நடக்க முடியாதவர்களுக்கு மட்டும். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் லிஃப்ட் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, "கந்தாஸ்ரமம் படி ஏறலையா?" என்று ஏறிவிட்டாள். மறுநாள் முழுக்கத் தைலம் தேய்த்ததையும் எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது முழங்கால் பிரச்சினை இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

மேலே மொட்டைமாடி. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வீதிகளும் கத்தரித்த கேக் மாதிரி பிரிந்து போகின்றன, எல்லாவற்றிலும் வரிசையாக மரம். ஒரு பக்கம் ஷான்ஸெலிஸே, அதே கோட்டில் லூவர் அருங்காட்சியகம் வரைக்கும் பார்வை போகிறது. எதிர்ப்பக்கம் அதே நேர்கோட்டில், தொலைவில், 1989இல் கட்டிய நவீன ஆர்ச் ஒன்று, சதுரமாக, 110 மீட்டர், உள்ளே ஆபீஸ்கள். லூவர் அருகிலும் நெப்போலியன் கட்டிய சின்ன ஆர்ச் ஒன்று இருக்கிறதாம். ஒரே கோட்டில் மூன்று ஆர்ச். இந்த ஊரில் நான் கடை போட்டிருக்கலாம்.

இருட்டியதும் ஈஃபிள் கோபுரத்தில் லைட் போட்டார்கள். மணி அடிக்கிற நேரத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் 20,000 பல்புகள் மின்னுகின்றன. அந்தக் கோபுரத்தைப் பார்க்கச் சிறந்த இடம் அந்தக் கோபுரம் அல்ல, இந்த மொட்டைமாடிதான். ஏற்காடு லேடீஸ் சீட்டில் இருந்து ராத்திரி சேலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும். அங்கே நம் ஊர் கீழே கொட்டிவைத்த மாதிரி கிடக்கும், இங்கே கோடு போட்டு அடுக்கிவைத்திருக்கிறார்கள். இரண்டில் எது என்று கேட்டால், நான் கொட்டிவைத்ததுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஏற்காட்டில் பஜ்ஜி கிடைக்கும்.

அங்கேயே மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். 2021 செப்டம்பரில் இந்த முழு ஆர்ச்சையும் துணியால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கிறிஸ்டோ என்ற கலைஞரின் அறுபது வருடக் கனவு. முந்தைய வருடமே அவர் இறந்துவிட்டார், ஆட்கள் முடித்துக் கொடுத்தார்கள். 25,000 சதுர மீட்டர் வெள்ளி நீலத் துணி, 3,000 மீட்டர் சிவப்புக் கயிறு. கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆட்கள் துணியை மேலிருந்து விடுகிறார்கள். பதினாறு நாள் வைத்திருந்துவிட்டு அவிழ்த்துவிட்டார்கள். நான் அந்த வீடியோவை மூன்று தடவை ஓட்டச் சொன்னேன். துணியில் மடிப்பு விழுந்த விதமும் கயிறு இழுத்திருந்த பதமும் சுத்தம். இடுப்பில் இரண்டு சுற்றுக் கூடுதலாகப் போட்டிருந்தால் காற்றுக்கு இன்னும் நல்லது என்று தோன்றியது.

குறைகள். வீதியில் ஒரு கடையில் மூன்று காபிக்கு 21 யூரோ வாங்கினார்கள், காபி ஒரு வாய் அளவு. வீட்டுக்காரி ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டுப் பேசவே இல்லை. அதனால் அங்கே உட்கார வேண்டாம். ஆர்ச்சுக்குக் கீழே இருந்தே இரண்டாம் எண் மெட்ரோ லா ஷப்பேலுக்குப் போகிறது. இறங்கினால் தமிழ்க் கடைகள். யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். "எவடத்தில இருந்து வாறியள், அண்ணை?" என்றார். சேலம் என்றேன். "மாம்பழம்!" என்றார். ஐந்து மார்க்கில் ஆர்ச்சுக்கு நாலரை கொடுக்கிறேன், அந்தச் சொதிக்கு முழுசாக ஐந்து.

போகிறவர்களுக்குக் கடைசியாக: மூடும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே டிக்கெட் விடுவதை நிறுத்திவிடுவார்கள், ஆறரை மணிக்குத் தீபம், உடனே படி, இருட்டும் வரை மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே காற்று பலமாக அடிக்கும், ஸ்வெட்டர் வேண்டும். பாத்ரூமைக் கிளம்பும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். பந்தல் தொழிலில் இருக்கிற யாராவது போனால் குகை குடோனுக்கு வந்து சொல்லுங்கள், அந்த 1810 துணி ஆர்ச்சை எத்தனை நாளில் நாம் முடிப்போம் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். சவுக்கு மட்டும் எட்டு லாரி.